கேலக்ஸி சர்வரும் காசு வாங்குற ஸ்டாட்ஸ் யூனிட்டும்: ஒரே டிபி ப்ராஜெக்ட்ல ரெண்டையும் யூஸ் பண்ணதோட ரிவ்யூ

ரேட்டிங்க முதல்லயே சொல்லிடறேன், நேரம் இல்லாதவங்க அத பாத்துட்டு கிளம்பலாம். கேலக்ஸிக்கு (பிரவுசர்லயே ஜீனோம் டேட்டாவ அலசுற ஃப்ரீ சாஃப்ட்வேர்) அஞ்சுக்கு நாலரை. நாங்க காசு கட்டி சேர்ந்த ஷேர்டு சப்போர்ட் யூனிட்ல ஸ்டாட்ஸ் பக்கத்துக்கு நாலு, பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் (ஜீன் டேட்டாவ கம்ப்யூட்டர்ல அலசுற வேலை) பக்கத்துக்கு ரெண்டு. அந்த யூனிட் எந்த இன்ஸ்டிட்யூட்டோடதுன்னு சொல்ல மாட்டேன், இந்த ஃபீல்டு நம்ம ஊர்ல ரொம்ப சின்னது, இன்னைக்கு திட்டுனா நாளைக்கு அவங்கதான் நம்ம பேப்பருக்கு ரிவ்யூவரா வருவாங்க. யூனிட்ட தேர்ந்தெடுக்கறது எப்படின்னு தெரிஞ்சா போதும், பேரு எதுக்கு.

நான் ஒரு மெடிக்கல் காலேஜ் மைக்ரோபயாலஜி லேப்ல ப்ராஜெக்ட் சயின்டிஸ்ட். டாக்டர் கிடையாது, கம்ப்யூட்டர் ஆளும் கிடையாது, கல்ச்சர் போடத் தெரியும், டிஎன்ஏ எடுக்கத் தெரியும், கருப்பு ஸ்கிரீன்ல கமாண்ட் அடிக்கச் சொன்னா கை நடுங்கும். எங்க ப்ராஜெக்ட் பல சென்டர் சேர்ந்தது: சில காலேஜ்ல சளி சாம்பிள் எடுப்பாங்க, ஒரு லேப்ல கல்ச்சரும் சீக்வென்சிங்கும் (கிருமியோட டிஎன்ஏவ எழுத்து எழுத்தா படிக்கறது), அனாலிசிஸ் எல்லாரும் சேர்ந்து. கேள்வி இதுதான், மருந்துக்கு மடங்காத டிபி வந்தவங்கள்ல எத்தனை பேருக்கு அந்தக் கிருமி இன்னொருத்தர்ட்ட இருந்து அப்படியே ஒட்டிக்கிட்டது, எத்தனை பேருக்கு மருந்த விட்டு விட்டு சாப்பிட்டதுல உள்ளயே எதிர்ப்பு வளர்ந்தது. சிபிநாட்ங்கற டிபி டெஸ்ட், கிருமி ரிஃபாம்பிசின் மருந்துக்கு ரெசிஸ்டன்ட்னு சொல்லும், அதோட நிறுத்திக்கும். யார்ட்ட இருந்து யாருக்குப் போச்சுன்னு பாக்கணும்னா முழு ஜீனோமும் வேணும், ஜீனோம் வந்துட்டா அத படிக்க ஆள் வேணும், அந்த ஆள் எங்க எந்த சென்டர்லயும் இல்ல. கிராண்ட்ல சீக்வென்சிங் ரீஏஜன்டுக்கு லட்சக்கணக்குல எழுதுவாங்க, அனாலிஸ்ட் சம்பளம்னு ஒரு வரி எழுதுனா கமிட்டில அத முதல்ல வெட்டுவாங்க, இது எல்லா இடத்துலயும் நடக்குற கூத்துதான்.

அதனால ரெண்டு வழில போனோம். ஒண்ணு, யார் வேணா ஃப்ரீயா யூஸ் பண்ற கேலக்ஸி. இன்னொண்ணு, பார்ட்னர் இன்ஸ்டிட்யூட்டோட யூனிட், அவங்க பல டிபார்ட்மென்டுக்கு பொதுவா ஸ்டாட்ஸும் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸும் பண்ணித் தருவாங்க, மணிக்கணக்குல பில்லு. ரெண்டையும் நான் எடை போட்டது ஒரே விஷயத்த வச்சுதான்: வேலை முடிஞ்சு அவங்க போனப்புறம் என் கைல என்ன மிஞ்சுது, அத வச்சு நானே திரும்ப அதே ரிசல்ட்ட எடுக்க முடியுமா. ஸ்பீடு, மரியாதை, பில்லு எல்லாம் அப்புறம்தான்.

கேலக்ஸி என்னன்னு தெரியாதவங்களுக்கு: 2005ல அமெரிக்காவுல பென் ஸ்டேட் யுனிவர்சிட்டில ஆரம்பிச்சது, ஆண்டன் நெக்ருடென்கோவும் ஜேம்ஸ் டெய்லரும் ஆரம்பிச்சாங்க, டெய்லர் 2020ல ரொம்ப சின்ன வயசுல இறந்துட்டாரு. பிரவுசர்லயே ஓடுற சாஃப்ட்வேர், நம்ம சிஸ்டம்ல ஒண்ணும் இன்ஸ்டால் பண்ண வேணாம். பெரிய பொது சர்வர் மூணு இருக்கு: அமெரிக்காவோட மெயின் சர்வர், அது டெக்சாஸ்ல ஆஸ்டின்ல இருக்குற சூப்பர் கம்ப்யூட்டர் சென்டர்ல ஓடுது, ஜெர்மனில ஃப்ரைபர்க் யுனிவர்சிட்டி நடத்துற யூரோப் சர்வர், அப்புறம் ஆஸ்திரேலியா. மூணும் அந்தந்த ஊர் அரசாங்க ஆராய்ச்சி பணத்துல ஓடுது, நாம அஞ்சு பைசா குடுக்க வேணாம், ஈமெயில் போட்டு அக்கவுன்ட் ஓப்பன் பண்ணா போதும். மெயின் சர்வர்ல ரிஜிஸ்டர் பண்ணவங்களுக்கு 250 ஜிபி இடம். இத காசு குடுத்து கிளவுட்ல வாங்கி கூடவே கம்ப்யூட் செலவும் சேர்த்தா எங்க ப்ராஜெக்ட் கன்டிஞ்ஜென்சி (சில்லறைச் செலவுப் பணம்) மொத்தமும் அதுலயே போயிருக்கும்.

டிபிக்கு இத எப்படி யூஸ் பண்றதுன்னு கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா இணையத்துல தமிழ்ல இதப் பத்தி யாரும் எழுதி நான் பாக்கல. சீக்வென்சர்ல இருந்து வர்றது ஃபாஸ்ட்க்யூ ஃபைல், ஒரு சாம்பிளுக்கு ரெண்டு. அத ஏத்துனதும் முதல்ல ஃபாஸ்ட்க்யூசி, தரம் எப்படி இருக்குன்னு கலர் கலரா காட்டும். அப்புறம் ஃபாஸ்ட்பி போட்டு நுனில இருக்குற மட்டமான எழுத்துகள வெட்டணும். அடுத்து கிராக்கன் 2, இது முக்கியம், நாம டிபின்னு நெனச்சு சீக்வென்ஸ் பண்ணதுல எவ்வளவு நெஜமாவே டிபி, எவ்வளவு வேற மைக்கோபாக்டீரியம், எவ்வளவு பேஷன்டோட சொந்த டிஎன்ஏன்னு இது சொல்லிடும். கல்ச்சர்ல இருந்து எடுத்ததுன்னா பெரும்பாலும் க்ளீனா இருக்கும். சளில இருந்து நேரா எடுத்தா பாதிக்கு மேல மனுஷ டிஎன்ஏவே வந்து நிக்கும். இந்த இடத்த ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வர்றேன்.

அதுக்கப்புறம் ஸ்னிப்பி. ஹெச்37ஆர்வி-ங்கிற ரெஃபரன்ஸ் ஜீனோமோட நம்ம சாம்பிள ஒப்பிட்டு எங்கெங்க எழுத்து மாறியிருக்குன்னு எடுக்கும். அந்த ரெஃபரன்ஸ் 1998ல முழுசா படிச்சு வெளியிட்டது, 44 லட்சம் எழுத்து, கிட்டத்தட்ட 4000 ஜீன். அதுல பிஈ, பிபிஈ-ன்னு ரெண்டு ஜீன் குடும்பம் இருக்கு, ஜீனோமோட கோடிங் பகுதில பத்துல ஒரு பங்கு இதுங்கதான், திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வர்றதால சின்ன ரீடுகள (சீக்வென்சர் படிச்ச டிஎன்ஏ துண்டுகள) எங்க ஒட்டறதுன்னு சாஃப்ட்வேருக்கே குழம்பிடும், அங்க வர்ற மாற்றத்த நம்பக் கூடாது. அத தூக்கறதுக்குன்னே டிபி வேரியன்ட் ஃபில்டர்னு ஒரு டூல் கேலக்ஸிலயே இருக்கு. கடைசியா டிபி ப்ரொஃபைலர், எந்த லினியேஜ் (கிருமியோட வம்சம்), எந்த மருந்துக்கு எதிர்ப்பு, எந்த ஜீன்ல எந்த மாற்றம்னு ரிப்போர்ட் குடுக்கும். எங்களுக்கு தென்னிந்தியால எதிர்பார்க்குற மாதிரி லினியேஜ் 1 நிறைய வந்துச்சு. ரிஃபாம்பிசின் எதிர்ப்புன்னா ஆர்பிஓபி ஜீன்ல 450ஆவது இடம், ஐசோனியாசிட் எதிர்ப்புன்னா காட்ஜி ஜீன்ல 315ஆவது இடம், உலகம் பூரா எல்லாரும் பாக்குற அதே ரெண்டு பேர்தான் எங்க லிஸ்ட்லயும் முன்னாடி நின்னாங்க. எல்பிஏங்கற லேப் டெஸ்ட் ஸ்ட்ரிப்ல கோடா பாத்தத எழுத்தா பாக்கும்போது ஒரு சந்தோஷம் வரும் பாருங்க, அது தனி.

இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தாங்கன்னா யாரும் இல்ல, கேலக்ஸி ட்ரெயினிங் நெட்வொர்க்னு இவங்க வச்சிருக்குற பாடங்கள்தான். டிபிக்குன்னே தனிப் பாடம் இருக்கு, நான் மேல சொன்ன ஸ்னிப்பி, ஃபில்டர், ப்ரொஃபைலர் எல்லாம் அதுல இருக்கு, டேட்டாவும் குடுத்துருக்காங்க, ஒவ்வொரு ஸ்டெப்லயும் எத க்ளிக் பண்ணணும்னு எழுதியிருக்கு, நடுவுல கேள்வி கேக்கும், பதில் மறைச்சு வச்சிருக்கும். தமிழ்ல இல்ல, ஆனா இங்கிலீஷ் எளிமைதான். பிஜி ஸ்டூடன்ட்ஸுக்கு ஒர்க்‌ஷாப் நடத்தணும்னா யூரோப் சர்வர்ல டயாஸ்னு ஒரு வசதி இருக்கு, முன்கூட்டியே தேதி சொல்லி அப்ளை பண்ணா அந்த நாளுக்கு நம்ம கிளாஸுக்குன்னு தனி வரிசை ஒதுக்கி வைப்பாங்க, அதுவும் ஃப்ரீ. காலேஜ்ல ரெண்டு நாள் ஒர்க்‌ஷாப்புன்னு ஃபீஸ் வாங்கிட்டு பேக்கும் நோட்பேடும் குடுத்து போட்டோ எடுத்து அனுப்பறவங்க இத ஏன் யூஸ் பண்றதில்லன்னு எனக்குப் புரியல.

இப்ப ஏன் நாலரை குடுத்தேன்னு சொல்றேன். ஹிஸ்டரி. கேலக்ஸில நாம பண்ற ஒவ்வொரு ஸ்டெப்பும் வலது பக்கம் ஒரு லிஸ்டா பதிவாகும், எந்த டூல், எந்த வெர்ஷன், என்னென்ன செட்டிங், எந்த ஃபைல் உள்ள போச்சு எது வெளிய வந்துச்சு, எல்லாம். நாம ஒண்ணும் எழுதி வைக்க வேணாம். ஒரு சாம்பிளுக்கு பண்ணத அப்படியே ஒர்க்ஃப்ளோவா மாத்தி மத்த எல்லா சாம்பிளுக்கும் ஓட விடலாம். லிங்க் அனுப்புனா இன்னொரு சென்டர்ல இருக்குற மேடம் அவங்க வீட்ல உக்காந்து ஒவ்வொரு ஸ்டெப்பா பிரிச்சுப் பாக்கலாம், எனக்கு ஏன் ஒத்துக்கலன்னு சண்டை போடலாம், அதே செட்டிங்க மாத்தி ஓட்டிப் பாக்கலாம். கூட்டு ஆராய்ச்சில பாதி சண்டை யார் என்ன பண்ணாங்கன்னு தெரியாததாலதான் வருது, இதுல அந்தப் பேச்சே இல்ல.

டிபில இது எவ்வளவு முக்கியம்னா, எந்த மாற்றம் எதிர்ப்பு, எது சும்மான்னு சொல்ற பட்டியல டபிள்யூஹெச்ஓ 2021ல வெளியிட்டாங்க, 2023ல ரெண்டாவது எடிஷன் வந்துச்சு. டூலோட எந்த வெர்ஷன் எந்தப் பட்டியல வச்சு பாத்துச்சுங்கறத பொறுத்து ஒரே பேஷன்ட் ஒரு வருஷம் ரெசிஸ்டன்ட்டா இருப்பார், அடுத்த வருஷம் சந்தேக கேஸா மாறுவார். வெர்ஷன் எழுதாத ரிப்போர்ட்ட வச்சு ரெண்டு சென்டர் டேட்டாவ சேர்க்கவே கூடாது.

குறை இல்லையான்னா இருக்கு. டூல் ஆயிரக்கணக்குல இருக்கு, ஒரே வேலைக்கு ஆறு டூல், புதுசா வர்றவங்க மிரண்டுடுவாங்க. கூட்டமான நேரத்துல ஜாப் வரிசைல நிக்கும், பொது சர்வர்னா அப்படித்தான், ஆனா நம்ம லேப்டாப்ப மூடிட்டுப் போகலாம், கரண்டு போனாலும் அங்க ஓடிட்டே இருக்கும், அத நெனச்சா காத்திருக்கறது பெருசா தெரியல. பெரிய ஃபைல ஏத்தறதுதான் நிஜமான தலைவலி, காலேஜ் நெட்ல பகல்ல ட்ரை பண்ணாதீங்க, ராத்திரி போட்டுட்டு தூங்கப் போங்க. பொதுவெளில ஏற்கனவே இருக்குற சீக்வென்ஸோட ஒப்பிடணும்னா டவுன்லோட் பண்ணி திரும்ப ஏத்தற வேலையே வேணாம், அக்செஷன் நம்பர் (அந்த சீக்வென்ஸோட பதிவு எண்) குடுத்தா சர்வரே அமெரிக்க டேட்டாபேஸ்ல இருந்து நேரா இழுத்துக்கும். இடம் தீந்துடுச்சுன்னு மெசேஜ் வந்தா நடுவுல வந்த பேம் ஃபைல்கள (ரீடுகள ரெஃபரன்ஸ்ல ஒட்டி வச்ச ஃபைல்) பாருங்க, பெரும்பாலும் அதுங்கதான் இடத்த தின்னும். சும்மா டெலீட் பண்ணா இடம் திரும்பி வராது, நிரந்தரமா அழிக்கறதுன்னு தனியா ஒரு ஆப்ஷன் இருக்கு, அத அமுக்கணும். இன்னொரு அக்கவுன்ட் ஓப்பன் பண்ணி தப்பிக்கலாம்னு நெனைக்காதீங்க, ஒரு ஆளுக்கு ஒரு சர்வர்ல ஒரு அக்கவுன்ட்தான், மீறுனா மொத்தமா தூக்கிடுவாங்க.

பெரிய விஷயம் ப்ரைவசி. இது பொது சர்வர், அதுவும் வெளிநாட்டுல. பேஷன்ட அடையாளம் காட்டுற எதுவும் அங்க போகக் கூடாது. சாம்பிள் பேர்ல நிக்‌ஷய் ஐடிய (அரசாங்க டிபி பதிவுல பேஷன்டுக்கு குடுக்குற நம்பர) வச்சு ஃபைல் சேவ் பண்ற பழக்கம் நம்ம பக்கம் நிறைய லேப்ல இருக்கு, அந்த பேரோட அப்படியே ஏத்துனா முடிஞ்சுது கதை. ஃபைலுக்கு வேற நம்பர் குடுத்து, எந்த நம்பர் யாருதுங்கற லிஸ்ட்ட தனியா பூட்டி வைங்க. சளில இருந்து நேரா எடுத்த டிஎன்ஏன்னா இன்னும் சிக்கல், ஃபைலுக்குள்ளயே பேஷன்டோட ஜீனோம் துண்டு துண்டா கெடக்கும், அத நம்ம ஊர் சிஸ்டம்லயே பிரிச்சு எறிஞ்சிட்டு மிச்சத்ததான் ஏத்தணும். எத்திக்ஸ் கமிட்டிக்கு அனுப்பற ப்ரோட்டோகால்லயே கிருமி சீக்வென்ஸ் எந்த சர்வர்ல அனலைஸ் ஆகும்னு எழுதிடுங்க, வெளிநாட்டு பார்ட்னர் யாராவது ப்ராஜெக்ட்ல இருந்தா ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) வழியா வாங்குற ஹெச்எம்எஸ்சி, அதாவது ஹெல்த் மினிஸ்ட்ரி ஸ்கிரீனிங் கமிட்டி அப்ரூவல் தனி. அரை பாயின்ட் கொறைச்சதுக்குக் காரணம் இதுதான். கேலக்ஸி மேல தப்பு இல்ல, மனுஷ டேட்டா வச்சிருக்குறவங்களுக்கு இது முழு தீர்வு ஆகாது, அவ்வளவுதான்.

இனி காசு கட்டுன யூனிட்டுக்கு வர்றேன்.

ஸ்டாட்ஸ் பக்கம் எனக்கு கெடச்சது ஒரு சீனியர் மேடம். முதல் மீட்டிங்குக்கு நாங்க சாம்பிள் சைஸ் 384ன்னு எழுதிட்டுப் போனோம். மெடிக்கல் காலேஜ்ல தீசிஸ் பண்ணவங்களுக்கு இந்த நம்பர் பழக்கம்தான், வியாதி எவ்வளவு இருக்குன்னு தெரியாட்டி ஐம்பது சதவீதம்னு வச்சுக்கறது, அஞ்சு சதவீதம் முன்ன பின்ன, 1.96 போட்டு பெருக்குனா 384 வந்து விழும், எந்த வியாதியா இருந்தாலும், எந்த ஊரா இருந்தாலும். மேடம் அத பாத்து திட்டல, சிரிக்கவும் இல்ல, "உங்க கேள்வி எவ்வளவு பேருக்கு இருக்குங்கறதா, இல்ல ரெண்டு குரூப்ப ஒப்பிடறதா?"ன்னு மட்டும் கேட்டாங்க. அங்கயே எங்க கணக்கு காலி. அடுத்து ஒரு ஹாஸ்பிட்டல் பேஷன்ட்ஸ் ஒருத்தருக்கொருத்தர் கொஞ்சம் ஒரே மாதிரி இருப்பாங்க, அதனால பல சென்டர் டேட்டால தலைக்கு ஒண்ணுன்னு எண்ணக் கூடாது, டிசைன் எஃபெக்ட்னு ஒண்ண பெருக்கணும்னு சொல்லி திரும்ப கணக்கு போட வச்சாங்க.

அதுக்கப்புறம் அவங்க கேட்ட ஒரு கேள்விதான் எங்க பேப்பர காப்பாத்துச்சு. ரெண்டு பேருக்கு வந்த கிருமிக்கு நடுவுல எத்தனை எழுத்து வித்தியாசம் இருந்தா ஒருத்தர்ட்ட இருந்து ஒருத்தருக்கு சமீபத்துல பரவுனதுன்னு சொல்லுவீங்கன்னு. டிபில வழக்கமா 5க்கு உள்ளன்னா சமீபத்துல பரவுனது, 12க்கு மேலன்னா பரவல் இல்லன்னு பிரிட்டன்ல 2013ல வந்த ஆராய்ச்சில இருந்து ரெண்டு எல்லைய எல்லாரும் யூஸ் பண்றாங்க. நாங்க ரெண்டையும் போட்டு பாக்கலாம்னு சொன்னோம். மேடம் உடனே, ரெண்டையும் போட்டு பாருங்க, ஆனா மெயின் ரிசல்ட் எதுன்னு டேட்டாவ தொறக்கறதுக்கு முன்னாடி தேதி போட்டு எழுதி வைங்க, இல்லன்னா அழகா வர்றத எடுத்துக்குவீங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. அப்ப சுருக்குன்னு இருந்துச்சு. பின்னாடி ரிவ்யூவர் அதே கேள்வியத்தான் கேட்டாரு, எங்ககிட்ட தேதி போட்ட பேப்பர் இருந்துச்சு.

இன்னொண்ணு, எல்லா ஹாஸ்பிட்டல் சாம்பிளையும் கலந்து கலந்து சீக்வென்சர்ல ஏத்தச் சொன்னாங்க. நாங்க வசதிக்காக வந்த வரிசைல ஒரு ஹாஸ்பிட்டல் ஒரு ரன்னுன்னு ப்ளான் பண்ணியிருந்தோம், அப்படி பண்ணா ரெண்டு ஹாஸ்பிட்டலுக்கு நடுவுல ஒரு வித்தியாசம் வந்தா அது ஊர் வித்தியாசமா மெஷின் வித்தியாசமான்னு பிரம்மாவாலயும் பிரிக்க முடியாது. எத்தன பெரிய சாஃப்ட்வேர் வச்சாலும் பின்னாடி சரி பண்ண முடியாத விஷயம் இது, கேலக்ஸி இத கேக்காது, கேக்க ஆள் வேணும். ஸ்டாட்ஸ் ஆளுங்க எல்லாரும் வாய் ஓயாம சொல்ற, பிரிட்டிஷ் ஸ்டாட்டிஸ்டிஷியன் ஃபிஷரோட கதைய மேடமும் சொன்னாங்க, எக்ஸ்பெரிமென்ட் முடிஞ்சப்புறம் ஸ்டாட்டிஸ்டிஷியன்ட்ட வந்தா அவரால போஸ்ட்மார்ட்டம்தான் பண்ண முடியும், எதனால செத்துச்சுன்னு வேணா சொல்லுவாருன்னு. அத ஃபிஷர் பேசுனது 1938ல நம்ம கல்கத்தாவுல நடந்த ஸ்டாட்டிஸ்டிகல் கான்ஃபரன்ஸ்லங்கறது எனக்கு புது தகவல்.

சொல்லப்போனா கூட்டு ஆராய்ச்சிக்கு ஸ்டாட்ஸ முதல் நாள்ல இருந்தே கூட வச்சிக்கறது சென்னைக்கு ஒண்ணும் புதுசில்ல. சேத்துப்பட்டுல இப்ப என்ஐஆர்டின்னு (தேசிய டிபி ஆராய்ச்சி நிறுவனம்) இருக்குற இடத்துல 1956லயே ஐசிஎம்ஆர், மெட்ராஸ் கவர்மென்ட், டபிள்யூஹெச்ஓ, பிரிட்டிஷ் மெடிக்கல் ரிசர்ச் கவுன்சில் நாலும் சேர்ந்து டிபி பேஷன்ட்ஸ யார வீட்ல வச்சு வைத்தியம் பாக்கறது யார சானடோரியத்துல (டிபி பேஷன்ட்ஸ தங்க வைக்கிற ஆஸ்பத்திரி) சேக்கறதுன்னு ரேண்டமா பிரிச்சு பாத்தாங்க, 1959ல ரிசல்ட், வீட்லயே மருந்து சாப்பிட்டாலும் நல்லாவே குணமாகுதுன்னு. உலகம் பூரா சானடோரியத்த மூடுனதுக்கு அந்த ரிசல்ட்டுக்கு பெரிய பங்கு உண்டு. அப்ப கம்ப்யூட்டரும் கெடையாது ஒண்ணும் கெடையாது, முன்னாடியே யோசிச்சு வச்ச டிசைன்தான் இருந்துச்சு.

டேட்டா என்ட்ரிக்கு யூனிட்டே ரெட்கேப்ங்கற சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்தாங்க. வாண்டர்பில்ட் யுனிவர்சிட்டில 2004ல உருவாக்குனது, இன்ஸ்டிட்யூட் அவங்க கூட்டமைப்புல சேர்ந்துட்டா லைசென்ஸ் காசு கெடையாது. எல்லா சென்டரும் ஒரே ஃபார்ம்ல போடறாங்க, வயசு 210ன்னு அடிச்சா உடனே கத்தும், யார் எப்ப எத மாத்துனாங்கன்னு பதிவு இருக்கும். அதுக்கு முன்னாடி எக்செல் ஷீட்ட வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு இருந்தோம், ஃபைனல், ஃபைனல் டூ, ஃபைனல் சார் கரெக்ஷன்னு. எக்செல் பத்தி எனக்கு தனி வெறுப்பே உண்டு. செப்டின் ஜீன செப்டம்பர் தேதியா மாத்திடும், இதனாலயே 2020ல ஜீன் பேர் வைக்கிற கமிட்டி மனுஷ ஜீன்கள் சிலதோட பேரையே மாத்திடுச்சு, சாஃப்ட்வேர் மாறல, ஜீன் மாறிடுச்சு! அதே வருஷம் பிரிட்டன்ல பழைய எக்செல் ஃபார்மட்ல வரி தீந்து போய் கிட்டத்தட்ட 16 ஆயிரம் கோவிட் கேஸ் கணக்குல வராமப் போச்சு. எவ்வளவு சொன்னாலும் நம்ம சார்மார் எக்செல விட மாட்டாங்க.

இவ்வளவு நல்லா பண்ணவங்களுக்கு ஏன் ஒரு பாயின்ட் கொறச்சேன்னா ரெண்டு காரணம். மேடம் ஒரே ஆள், மொத்த இன்ஸ்டிட்யூட்டுக்கும். கிராண்ட் டெட்லைன் மாசமும் பிஜி தீசிஸ் மாசமும் சேர்ந்து வந்தா அவங்கள புடிக்கவே முடியாது, வரிசைல நிக்கறவங்கள்ல காசு கட்டுன ப்ராஜெக்டும் ஒண்ணுதான், ஃப்ரீயா வந்த தீசிஸும் ஒண்ணுதான். இன்னொண்ணு ஆத்தர்ஷிப். யூனிட்டோட ரேட் கார்டுல காசும் உண்டு, கூடவே பேப்பர்ல பேரும் கட்டாயம்னு ஒரு வரி. மேடத்துக்கு பேர் குடுக்க எங்களுக்கு ஒரு தயக்கமும் இல்ல, டிசைன்ல இருந்து கூட இருந்தவங்க, எழுதறப்ப ரெண்டு பாரா அவங்களே எழுதுனாங்க, ஐசிஎம்ஜேஇ (மெடிக்கல் ஜர்னல் எடிட்டர்களோட கமிட்டி) சொல்ற நாலு தகுதியும் அவங்களுக்கு இருக்கு. ஆனா பேப்பர படிச்சே பாக்காத யூனிட் ஹெட்டுக்கும் பேர்னு கேட்டா எப்படி? காசு வாங்குனதால பேர் இல்லன்னு ஆகாது, காசு வாங்கிட்டோம்ங்கறதுக்காக பேர் வந்துடவும் கூடாது, வேலைய வச்சுதான் பேர். இத முதல்லயே எழுத்துல பேசிடுங்க.

பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் பக்கம்தான் வயிறு எரியுது. சளில இருந்து நேரா எடுத்த சாம்பிள்கள்ல மனுஷ டிஎன்ஏவ அவங்க சர்வர்லயே பிரிச்சுக் குடுத்தாங்க, டேட்டா கேம்பஸ விட்டு வெளிய போகல, அது உருப்படியான வேலை, அதுக்குத்தான் அந்த ரெண்டு பாயின்ட்டும். மத்தது? சீக்வென்ஸ் ஃபைல ஹார்ட் டிஸ்க்ல குடுத்தோம், ரொம்ப நாள் கழிச்சு ஒரு பிடிஎஃப் வந்துச்சு. வட்டமா ஒரு மரம் படம், ரெசிஸ்டன்ஸ் டேபிள், கலர் கட்டம். பாக்க ஜோரா இருந்துச்சு, டைரக்டர் ரூம் சுவத்துல மாட்டலாம். எந்த டூல்னு ஒரு வரி, வெர்ஷன் இல்ல, பிஈ பிபிஈ பகுதிய தூக்குனாங்களா இல்லையான்னு இல்ல, எந்த எடிஷன் பட்டியல்னு இல்ல. கேட்டா, "எங்க இன்ஹவுஸ் பைப்லைன் மேம், ஸ்டாண்டர்ட்தான்" (பைப்லைன்னா வரிசையா ஓடுற டூல்களோட தொகுப்பு). ஸ்டாண்டர்டுன்னா எழுதிக் குடுக்கறதுல என்னங்க கஷ்டம்? வண்டிய சர்வீஸ் விட்டா மாத்துன பழைய பார்ட்ட கைல காட்டுன்னு கேக்கறோம்ல, லட்ச ரூபா சீக்வென்ஸுக்கு அதுகூட கெடையாதா.

ரிவ்யூவர் ஃபில்டரிங் பத்தி கேட்டப்ப யூனிட்டுக்கு மெயில் போட்டோம். வேலை பாத்த பையன் வேற கம்பெனிக்கு போயிட்டான், அவன் ஸ்கிரிப்ட் அவன் லாகின்ல இருந்துச்சாம், லாகின க்ளோஸ் பண்ணிட்டாங்களாம். திரும்ப ஓட்டணும்னா புது கோட்டேஷன்னு பதில் வந்துச்சு. அந்தப் பையன நான் குத்தம் சொல்ல மாட்டேன், ஆறு மாசத்துக்கு ஒருக்கா கான்ட்ராக்ட்ட நீட்டிச்சு நீட்டிச்சு வச்சா எவன் இருப்பான், நல்லா வேலை தெரிஞ்சவன் பெங்களூருக்குதான் போவான். ஆனா ஒரு ஆள் போனா பைப்லைனே போகுதுன்னா அத யூனிட்டுன்னு சொல்லி பில்லு போடக் கூடாது. கடைசில அதே ஃபைல்கள கேலக்ஸில நானே முதல்ல இருந்து ஓட்டுனேன். எழுத்து வித்தியாசக் கணக்கு பிடிஎஃப்ல இருந்ததோட சில ஜோடிகளுக்கு ஒத்து வரல, எதனாலன்னு கண்டுபுடிக்க வழியில்ல, அவங்க என்ன பண்ணாங்கன்னே தெரியாதப்ப எங்க போய் தேடறது. பேப்பர்ல போனது கேலக்ஸி ரிசல்ட், ஹிஸ்டரி லிங்க்கோட. ரிவ்யூவர் அதுக்கு மேல ஒரு வார்த்த கேக்கல.

ஆச்சரியம் என்னன்னா அதே யூனிட்ல ஸ்டாட்ஸ் மேடம் ஆர்ங்கற ஃப்ரீ ஸ்டாட்ஸ் சாஃப்ட்வேர்ல எழுதுன ஸ்கிரிப்ட்ட வரிக்கு வரி கமென்ட் எழுதி குடுத்தாங்க, ஆர் எந்த வெர்ஷன், எந்த பேக்கேஜ், எல்லாம். சென்டர் வித்தியாசத்த கணக்குல எடுக்கற மாடல் அது, எனக்கு முழுசா புரியாது, ஆனா புது டேட்டாவ உள்ள விட்டு ஓட்டுனா ஓடுது. லாஜிஸ்டிக் ரிக்ரஷன்ல சார் ஒரு நீளமான வேரியபிள் லிஸ்ட்ட சேக்கச் சொன்னப்ப, இவ்வளவு கம்மி கேஸுக்கு இவ்வளவு வேரியபிள் தாங்காதுன்னு மறுத்து, ஏன்னு அந்த ஸ்கிரிப்ட்லயே கமென்ட்டா எழுதி வச்சிருக்காங்க. ஒரே கட்டடம், ஒரே பில் புக், ரெண்டு விதமான பழக்கம்.

கேக்கறவங்களுக்கு என் யோசனை: சீக்வென்ஸ் கிருமியோடதுன்னா, மனுஷ டிஎன்ஏவ பிரிச்சாச்சுன்னா, பயோஇன்ஃபர்மேட்டிக்ஸுக்கு காசு குடுக்கறதுக்கு முன்னாடி கேலக்ஸில நாலு சாம்பிள ஓட்டிப் பாருங்க. ஸ்டாட்ஸுக்கு கண்டிப்பா ஆளப் புடிங்க, கிராண்ட் எழுதும்போதே புடிங்க, அவங்க நேரத்துக்கு பட்ஜெட்ல ஒரு வரி போடுங்க. யூனிட் கிடைக்காத ஊர்ல இருக்குறவங்க குறைஞ்சபட்சம் சென்னை என்ஐஇ (ஐசிஎம்ஆரோட எபிடெமியாலஜி நிறுவனம்) நடத்துற ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமென்டல்ஸ் கோர்ஸ என்பிடெல்ங்கற ஆன்லைன் பாடத் தளத்துல ஃப்ரீயா பாருங்க, சின்ன கணக்குக்கு ஓப்பன்எபிங்கற ஃப்ரீ வெப்சைட் போதும், பெரிசுக்கு ஆர், காசு குடுத்து வாங்கற எஸ்பிஎஸ்எஸ் சாஃப்ட்வேரோட திருட்டு காப்பி வேணவே வேணாம். டிபிடி (மத்திய அரசோட பயோடெக்னாலஜி துறை) மாதிரி அரசாங்க பணத்துல பண்ற ப்ராஜெக்ட்னா டேட்டாவ பகிரணும்னு 2021ல பயோடெக் ப்ரைட்னு வழிமுறை வந்துருக்கு, அதுக்கு ஃபரிதாபாத்ல 2022ல திறந்த இந்தியன் பயாலஜிகல் டேட்டா சென்டர் இருக்கு, சீக்வென்ஸ அங்க போடறதுக்கும் நேரம் ஒதுக்குங்க, கடைசி வாரத்துல முடியாது.

எந்த யூனிட்டா இருந்தாலும் கோட்டேஷன்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஸ்கிரிப்ட், வெர்ஷன் லிஸ்ட், நடுவுல வர்ற ஃபைல்கள் மூணும் டெலிவரில உண்டான்னு மெயில்ல கேட்டு பதில் வாங்கிக்கங்க. போன்ல சொன்னது செல்லாது. நாங்க அடுத்த ஃபேஸுக்கு அதே மேடத்துட்டதான் போறோம், புது அக்ரிமென்ட்ல இந்த வரிய சேக்கச் சொல்லி லெட்டர் குடுத்துருக்கோம், யூனிட்ல பாக்கறோம்னு சொல்லியிருக்காங்க. ஸ்கிரிப்ட் கைக்கு வந்து அது என் சிஸ்டம்ல ஓடவும் ஓடுனா பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் ரெண்ட மூணா மாத்திடறேன்.